வாங்கினவர்களுக்கு இருக்கை இல்லை

ஜனாபாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கறுப்பு அபாயாவின் மேல் பச்சைப் பொன்னாடை. மடிப்புக் கோடுகள் கலையாமல் அப்படியே தோளில் நின்றது. இலவச மெஷின் மையத்தில் வேலை பார்க்கும் விஜயஸ்ரீ மைக்கில், "எல்லாரும் ஜோராக் கைதட்டுங்க" என்றதும் கூடத்திலிருந்த பெண்கள் அத்தனை பேரும் தட்டினார்கள்.

ஜனாபாவுக்கு எதற்கு இந்தச் சத்தம் என்று முதலில் பிடிபடவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், எழுந்து வந்தாள். அனுபவம் சொல்லச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டுதான் வந்தாள். அங்கே தினமும் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து, எனக்கு முட்டுவலி குறைந்தது, எனக்குத் தூக்கம் வந்தது என்று சொல்வது வழக்கம். ஜனாபா இதுவரை அதற்குச் சிக்கியதில்லை. தலையைக் குனிந்து செருப்பைத் தேடுகிறவளைப் போல இருந்துவிடுவாள்.

"கத்தார்ல இருந்து அம்மாவோட மகன் யாசர் சார் பணம் கட்டி, வீட்டு மெஷின் புக் பண்ணிட்டாங்க" என்றாள் விஜயஸ்ரீ. "அம்மாகிட்டச் சொல்லாதீங்க, சர்ப்ரைஸா இருக்கட்டும்னாங்க. இனிமே அம்மா ஆட்டோ பிடிச்சு, மாடிப்படி ஏறி வர வேண்டாம். வீட்டுலயே உக்காந்து அலை எடுத்துக்கலாம்."

மறுபடியும் கைதட்டல். வர வேண்டாம் என்ற சொல் மட்டும் ஜனாபாவின் காதில் தங்கிவிட்டது.

மேலப்பாளையத்தில் அம்பை ரோட்டின் மேல், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் அந்த மையம் இருந்தது. காலையில் பெண்களுக்கு, பிற்பகலில் ஆண்களுக்கு. பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, இரண்டு நாற்காலிக்கு ஒரு கால் பலகை வைத்திருந்தார்கள். பலகைக்குள் காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கின்றன, அதிலிருந்து அலை வரும் என்றார்கள். பக்கத்தில் இருக்கிறவளோடு சேர்ந்து பாதங்களை வைத்தால் உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல இருக்கும். காசு கிடையாது. பிடித்திருந்தால் வீட்டுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பலகை ஓடும் நேரமெல்லாம் விஜயஸ்ரீ பேசுவாள். கங்கைகொண்டானிலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண், மைக்கை எடுத்ததும் குரல் மாறிவிடும். "நாம மூச்சு இழுக்கிற ஆக்சிஜனே உள்ள போய் நம்ம செல்லை அரிக்குது. இதுக்குப் பேருதான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். வெயில்லயும் மழையிலயும் கிடக்கிற இரும்பு கேட்டு துருப்பிடிக்கும்ல, அது மாதிரி நம்ம உடம்புக்குள்ள துரு. காந்த அலை போகப் போக அந்தத் துரு குறையும்."

"துருவுக்கு உப்புத்தாளும் மண்ணெண்ணெயும் போதுமே" என்று முதல் நாளே ஒரு குரல் வந்தது. "அதுக்கு எதுக்குளா கரண்டு?"

கூடமே சிரித்தது. சொன்னவள் ஆவுடைத்தாய். குறிச்சிக்காரி, பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். நெற்றி நிறையத் திருநீறு, கையில் எப்போதும் ஒரு மஞ்சள் பை. அன்று ஜனாபாவுக்குக் கிடைத்த இடம் அவள் பக்கத்தில். அதற்குப் பிறகு வேறு இடத்தில் ஜனாபா உட்காரவே இல்லை. ஆவுடைத்தாய் முந்தி வந்துவிட்டால் மஞ்சள் பையை நாற்காலியில் வைத்து இடம் பிடித்திருப்பாள்.

"என் வீட்டுல மவன், மருமவ, பேரப்புள்ளைய மூணு, மருமவளோட அம்மை, போதாக்குறைக்கு ஒரு நாய்" என்பாள் ஆவுடைத்தாய். "காலை நீட்ட இடமில்ல ஜனாபா. இங்கன வந்தாத்தான் ரெண்டு காலையும் சேத்து வைக்க முடியுது. ஒனக்கு என்ன, கப்பல் மாதிரி வீடு."

"ஆமாக்கா" என்பாள் ஜனாபா. கப்பலில் தான் ஒருத்திதான் என்று சொன்னதில்லை.

துரு குறைகிறதா என்று அளந்து பார்க்க அங்கே எந்த வழியும் இல்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. ஜனாபாவுக்குச் சர்க்கரை உண்டு, இரண்டு பாதங்களிலும் மதமதப்பு உண்டு. டாக்டரம்மாவிடம் இந்த மெஷினைப் பற்றிக் கேட்டபோது, "உக்காருங்க, வேண்டாங்கல. ஆனா மாத்திரையை நிறுத்தினா எங்கிட்ட வராதீங்க" என்றார்கள். ஜனாபா மாத்திரையை நிறுத்தவில்லை. மதமதப்பும் நிற்கவில்லை.

பொன்னாடையோடு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த மையத்தின் வழக்கம் அவளுக்குத் தெரியும். அவளே எத்தனையோ பேருக்குக் கைதட்டியிருக்கிறாள். வாங்கினவர்களுக்குப் பொன்னாடை, ஒரு ஃபோட்டோ, அன்றைய அலை. மறுநாள் அந்த நாற்காலியில் மாடிப்படியில் காத்திருக்கும் வேறொருத்தி வந்து உட்காருவாள். வாங்கினவர்கள் வருவதில்லை.

"நல்ல மவனைப் பெத்திருக்கெ" என்றாள் ஆவுடைத்தாய். "என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, ஒரு நகவெட்டி வாங்கித் தந்ததில்ல." பிறகு பொன்னாடையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "கெட்டிச் சரிகை இல்ல, பரவால்ல. சரி, போய்ட்டு வாட்டி" என்றாள்.

யாசர் ஏன் வாங்கினான் என்பது அன்று மாலை அவன் ஃபோனில் பேசியபோதே ஜனாபாவுக்குத் தெரிந்துவிட்டது. கத்தாரில் அவனுடைய அறையில் தங்கியிருக்கும் ஷமீமும் மேலப்பாளையத்துக்காரன்தான். ஷமீமின் மனைவி ஃபோனில் அவனிடம் ஏதோ பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். யாசரின் உம்மா டயர் கடை மாடிப்படியில் ஓசி மெஷினுக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று. வெளிநாட்டில் சம்பாதிக்கிற சபுராளியின் தாய் ஓசிக்கு நிற்பதாவது! ஷமீம் சிரித்துக்கொண்டே கேட்டதை யாசரால் தாங்க முடியவில்லை.

ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியை ஜனாபாவே செய்திருந்தாள்.

அவள் கல்யாணமாகி வந்தபோது கணவர் தாஜ் முகம்மது சவூதியில், தம்மாமில் வேலையில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், இரண்டு மாதம் இருப்பார். அந்த வீட்டில் சட்டம் போலிருந்த ஒரே வழக்கத்தை மாமியார் முதல் மாதமே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ஃபோன் வந்தால் நல்லதை மட்டும் சொல்ல வேண்டும். குறையை, நோயை, சண்டையைச் சொல்லக் கூடாது. அவனால் அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது, சோறு இறங்காது, அவ்வளவுதான் மிச்சம். எஸ்டிடி பூத்தில் வரிசையில் நின்று ஃபோனை வாங்கிய காலத்திலிருந்து ஜனாபா அந்த வழக்கத்தைக் காத்தாள். யாசர் சின்ன வயதில் மதிற்சுவரிலிருந்து விழுந்து இடது கையை முறித்துக்கொண்டதை அவன் வாப்பாவுக்கு அவள் சொல்லவே இல்லை. அவர் ஊருக்கு வந்து பிள்ளையைத் தூக்கியபோதுதான் அந்தக் கை முழுதாக நீளவில்லை என்பதைக் கண்டார். ஒன்றும் கேட்கவில்லை. மாமியார் செத்தபோதுகூட அடக்கம் முடிந்த பிறகுதான் சொன்னார்கள்.

மேலப்பாளையத்தில் அந்தத் தெருவில் இருக்கும் எல்லா வீடுகளும் அப்படித்தான். யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பெண்கள் குரலைச் சரிசெய்துகொண்டு ஃபோனை எடுப்பார்கள்.

தாஜ் முகம்மது ஒரேயடியாக ஊருக்கு வந்து, மாடியில் மூன்று அறை இழுத்துக் கட்டி, அதில் ஒரு மழைக்காலம்கூடத் தங்காமல் மௌத்தாகிவிட்டார். கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய இத்தா முடிந்து ஜனாபா வெளியே வந்தபோது யாசர் கத்தாருக்குப் போயிருந்தான். அவன் மனைவி அஃப்ரா குலசேகரன்பட்டினத்துக்காரி. அவர்கள் வீட்டு வழக்கம், பெண்ணுக்குத் தாய் வீட்டிலேயே ஒரு பகுதியை ஒதுக்கிக் கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளைதான் அங்கே போய் வர வேண்டும். அஃப்ரா நல்ல பெண். பெருநாளுக்கு வருவாள், மாமி மாமி என்று சுற்றி வருவாள், மூன்றாம் நாள் போய்விடுவாள்.

அப்புறம் வீட்டில் ஜனாபாவும் மின்விசிறியும். காலையில் குழாயில் ஆற்றுத்தண்ணி வரும்போது சிறிது சத்தம் இருக்கும். பிறகு அதுவும் நின்றுவிடும்.

அதனால்தான் மையத்துக்குப் போக ஆரம்பித்தாள். யாசர் ஃபோனில், "இன்னைக்கு எங்கம்மா போனீங்க?" என்று கேட்பான். மெஷினுக்கு என்பாள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால், கால் மதமதப்பு நல்லாக் கேக்குது என்பாள். வேறென்ன சொல்ல முடியும்? ஆள் முகம் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால், வீட்டில் ஆளில்லை என்று சொன்னதாகிவிடும். அது குறை. குறையைச் சொல்லக் கூடாது. நல்லாக் கேக்குது, நல்லாக் கேக்குது என்று அவள் மாதக்கணக்கில் சொன்னதைக் கேட்டுத்தான் அவன் வாங்கினான்.

மெஷின் பெரிய அட்டைப் பெட்டியில் வந்தது. மையத்துப் பலகையைவிட அகலம் குறைவு. ஒருத்தர் கால் வைக்கத்தான் இடம். கூடத்தில் சோபாவுக்கு முன்னால் வைத்தார்கள்.

"காலை வச்சுக் காட்டுங்கம்மா" என்றான் யாசர் வீடியோவில். வைத்துக் காட்டினாள். அவனுக்குப் பின்னால் இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. "எங்க உம்மாக்கும் ஒண்ணு அனுப்பணும்லே, இல்லன்னா வீட்டுல சண்டை வந்துரும்" என்றது ஒரு தலை. யாசர் சிரித்தான். அவன் அப்படி முகம் மலர்ந்து ரொம்ப நாளாகியிருந்தது.

"எப்படி இருக்கும்மா?"

"நல்லா இருக்கு வாப்பா."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஃபோனை வைத்த பிறகும் அது முடியும்வரை ஓடியது. மையத்தில் அது சத்தம் போடும் என்றே ஜனாபாவுக்குத் தெரியாது. இங்கே தேனீ போல ஒரே சுரத்தில் இரைந்தது. கண்ணாடி அலமாரியில் இருந்த பீங்கான் தட்டு அதற்கு ஒத்து ஊதியது. ஜனாபா எழுந்து போய்த் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சோபாவில் பக்கத்து இடம் நன்றாகத் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

ஒரு வாரம் பொறுத்தாள். அப்புறம் ஒரு காலையில் அபாயாவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். டயர் கடைக்காரர், "என்னம்மா, நம்ம பக்கம் மறந்தாச்சோ?" என்றார். மாடிப்படியில் நின்ற பெண்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். வாங்கினவள் என்ற மரியாதை.

விஜயஸ்ரீ ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தாள். நாற்காலி காட்டவில்லை. உள்ளே ஆவுடைத்தாய் தன் இடத்தில் இருந்தாள். பக்கத்தில் ஊதாப் புடவை கட்டிய யாரோ ஒருத்தி, பலகையில் காலை ஆவுடைத்தாயின் காலோடு ஒட்டி வைத்திருந்தாள். ஆவுடைத்தாய் இங்கிருந்தே கையை ஆட்டி, "ஏ ஜனாபா! மெசின் நல்லா ஓடுதா? எங்களுக்கெல்லாம் வீட்டுக்கு வழி சொல்லு, வந்து காலை வைக்கோம்" என்று கத்தினாள். வரிசையே சிரித்தது. ஜனாபாவும் சிரித்தாள். உள்ளபடிக்கே வாங்க என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் ஆவுடைத்தாய் ஊதாப் புடவைக்காரியிடம் வேறு எதையோ தொடங்கிவிட்டாள்.

"நான் ஓரமாச் சும்மா உக்காந்துக்கிடுதேன்மா" என்றாள் ஜனாபா விஜயஸ்ரீயிடம் மெதுவாக. "மெஷின் வேண்டாம். இந்தத் தூணுகிட்ட."

விஜயஸ்ரீயின் முகம் வாடிவிட்டது. மைக் குரலை விட்டுவிட்டுத் தன் குரலில் பேசினாள். "எனக்கு என்னம்மா, உக்காருங்க. ஆனா மேல கேமரா வச்சிருக்காங்க. வாங்கினவங்க திரும்பி வந்து உக்காந்தா, வீட்டு மெஷின் சரியில்ல போலன்னு மத்தவங்க நினைச்சிருவாங்களாம். என்னையத்தான் திட்டுவாங்க."

ஜனாபா படியிறங்கி வந்தாள். வீட்டு மெஷின் சரியில்லை என்ற சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு யாசரிடம் முதல்முறையாக ஒரு குறை சொன்னாள். "மெஷின் என்னமோ சரியில்ல வாப்பா, சத்தம் போடுது." தன்னைப் பற்றிய குறை இல்லையே, மெஷினைப் பற்றித்தானே என்று சமாதானம் செய்துகொண்டாள். திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், நாம் பழையபடி போகலாம் என்பது அவள் கணக்கு. யாசர் பதறிப்போனான். உடனே கம்பெனிக்குப் பேசினான்.

மூன்றாம் நாள் வள்ளியூரிலிருந்து பலவேசம் என்று ஒரு மெக்கானிக் பைக்கில் வந்தான். நாற்பது வயது இருக்கும். வெயிலில் வந்த களைப்பில் முதலில் இரண்டு செம்பு தண்ணி குடித்தான். பிறகு பைக் சாவியைப் பலகைக்கு மேல் தொங்கவிட்டுப் பிடித்தான். சாவி தானாக நடுங்கியது.

"அலை நல்லா வருதேம்மா. மெசின் தங்கம்."

"சத்தம் போடுது தம்பி."

பலவேசம் காதை வைத்துக் கேட்டான். "எல்லா மெசினும் இப்படித்தாம்மா இரையும். இங்கன வேற சத்தம் இல்லாததால ஒங்களுக்கு இதே கேக்கு. ஒரு டிவியப் போட்டு விடுங்க." அவள் மெஷின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டத் தொடங்கினாள். "சரி, மனசுக்குப் பிடிக்கலன்னா மாத்திப் புதுசு அனுப்பச் சொல்லுதேன். பெரிய மாடல் ஒண்ணு வந்திருக்கு."

"புதுசு வேண்டாம் தம்பி. இதை எடுத்துட்டுப் போயிருங்க."

"நான் எடுத்துட்டுப் போனா, நாளைக்கே வேற ஒண்ணைக் கொண்டாந்து இறக்குவாவ. ரிப்பேர்ன்னு சொன்னா அதுதான் ரூல்." கால் நகத்தால் தரையைக் கீறிக்கொண்டு யோசித்தான். "இந்த மாசம் முடியுறதுக்குள்ள திருப்பிக் குடுக்கலாம். ஆனா பணம் கட்டினவர்தான் ஃபோன்ல சொல்லணும். ரிப்பேர்ன்னு சொல்லக் கூடாது. எங்களுக்கு வேண்டாம்னு சொல்லணும். ஏன்னு கேப்பாவ, ஒரு காரணம் சொல்லணும்."

"திருப்பிக் குடுத்துட்டா..." ஜனாபா நிறுத்தினாள். "அங்க போய்ப் பழையபடி உக்காரலாமா?"

பலவேசத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டுல வச்சிருக்கதைக் குடுத்துட்டு, அங்கன போய் ஓசியில..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "உக்காரலாம்மா. வாங்காதவங்க ஆயிருவீங்கல்லா" என்றான். போகும்போது வாசலில் நின்று, கேட்டை அவனே இழுத்துச் சாத்திவிட்டுப் போனான்.

ஆக, யாசரிடம் சொல்ல வேண்டும். மெஷின் நன்றாக ஓடுகிறது, ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பான். ஜனாபா பல காரணங்களைத் தயார் செய்து பார்த்தாள். கரண்டு பில் என்றால் நான் கட்டுகிறேன் என்பான். பயமாக இருக்கிறது என்றால் அஃப்ராவை வந்து கூட இருக்கச் சொல்லிப் பெண் வீட்டில் மனத்தாங்கலை உண்டாக்குவான். ஹராமோ என்னவோ என்று சொல்லலாம் என்றுகூடத் தோன்றியது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மார்க்கத்தைச் சாக்காக்குவதா? எந்தப் பொய்யைச் சொன்னாலும் அதற்கு அவன் ஒரு பொருள் வாங்கி அனுப்பிவிடுவான் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுவான். கூப்பிட்டான்.

"யாசரு, அந்த மெஷின் வேண்டாம் வாப்பா."

"இன்னும் சத்தமா? மெக்கானிக் வந்தான்லா? இருங்க, புதுசு அனுப்பச் சொல்லுதேன்."

"சத்தமெல்லாம் இல்ல. மெஷின் நல்லாத்தான் இருக்கு."

"பெறகு? கால் மதமதப்பு கேக்கலியா?"

"கேக்கல."

"நல்லாக் கேக்குன்னு தினமும் சொன்னீங்களேம்மா!"

"சொன்னேன்."

அவன் முகம் திரையில் அசையாமல் நின்றது. லைன் போய்விட்டதோ என்று ஜனாபா ஃபோனை உற்றுப் பார்த்தாள். போகவில்லை.

"கேக்காமலா இத்தனை மாசம் அங்க போனீங்க? எதுக்கும்மா?"

ஜனாபா குரலைச் சரிசெய்துகொள்ளப் பார்த்தாள். எத்தனையோ வருடமாகச் சரியாகிவிடும் குரல் அன்றைக்கு வரவில்லை.

"அங்கன ஆள் இருக்கும்லா" என்றாள்.

"ஆளா?"

"ஆமா. பேச்சுச் சத்தம் கேக்கும். குறிச்சியில இருந்து ஒரு அக்கா வருவாவ. பக்கத்துல உக்காந்துக்கிட்டு எதாவது சொல்லிக்கிட்டே இருப்பாவ. எனக்கு இந்த வீட்டுல இருக்க முடியல யாசரு. அசருக்குப் பெறகு மஃரிபு வரைக்கும், சாயங்காலம் பூரா, இருக்கவே முடியல."

"வாப்பா மௌத்தானதுல இருந்தாம்மா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அது அவனுக்கும் எளிதாக இருந்திருக்கும்.

"அதுக்கு முன்னாலயே" என்றாள் ஜனாபா. "நீ பள்ளிக்கூடம் போன பெறகு பகல் பூரா அப்படித்தான் இருக்கும். சொல்லக் கூடாதுன்னு சொல்லல."

அவன் ஃபோனை எங்கேயோ வைத்துவிட்டான் போலிருக்கிறது. திரையில் முகம் போய், மேலே ஒரு விட்டமும் ஒயரும் தெரிந்தன. பிறகு, "ஷமீம் கூப்புடுதான்ம்மா, பெறகு பேசுதேன்" என்ற குரல் மட்டும் வந்தது. ஷமீம் கூப்பிட்ட சத்தம் ஜனாபாவுக்குக் கேட்கவில்லை.

மறுநாள் அவன் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஜனாபா சோற்றைப் போட்டுக்கொண்டு அப்படியே மூடி வைத்தாள். மாமியார் சொன்னது எவ்வளவு சரி என்று நினைத்தாள். அவனுக்கும் அங்கே சோறு இறங்கியிருக்காது. சொல்லி என்ன ஆயிற்று? அஃப்ரா குலசேகரன்பட்டினத்திலிருந்து ஃபோன் செய்தாள். "மாமி, அவங்க ஏன் ஒரு மாதிரி இருக்காங்க? கேட்டா ஒண்ணுமில்லங்காங்க. உங்ககிட்ட எதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டாள். "இல்லியேம்மா" என்றாள் ஜனாபா.

அதன் பிறகு ஒரு காலையில் பலவேசம் வந்து நின்றான். கூட ஒரு ஆட்டோ. "உங்க மவன் பேசிட்டாவம்மா" என்றான். மெஷினைப் பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டினான். யாசர் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கம்பெனிக்கு மட்டும் சொல்லியிருந்தான். என்ன காரணம் சொன்னான் என்று கேட்க ஜனாபாவுக்கு வாய் வரவில்லை. பலவேசமும் சொல்லவில்லை.

மறுநாள் மாடிப்படியில் வரிசையில் நின்றாள். விஜயஸ்ரீ பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் டோக்கனைக் கையில் வைத்தாள். ஊதாப் புடவைக்காரி அன்று வரவில்லை. பக்கத்து நாற்காலியில் மஞ்சள் பை இருந்தது. ஆவுடைத்தாய் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன ஜனாபா, மெசினைத் தூக்கிட்டுப் போய்ட்டாவளாமே. பொன்னாடையையும் திருப்பிக் கேட்டாவளா?"

"அதைக் கேக்கலக்கா."

"அப்ப ஒனக்குத்தான் லாபம். எங்க வீட்டு நாய்க்கு மருமவளோட அம்மை ஸ்வெட்டரு பின்னுதா, தெரியுமா? சித்திரை வெயில்ல!"

முன்வரிசைக்காரி திரும்பிச் சிரித்தாள். விஜயஸ்ரீ மைக்கைத் தட்டினாள். பலகை ஓடத் தொடங்கியது. உள்ளங்காலில் எறும்பு ஊர்ந்தது, பாதி காலுக்குத் தெரிந்தது, பாதி காலுக்குத் தெரியவில்லை. எதற்காகப் பாடுபட்டாளோ அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆவுடைத்தாய் நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். ஜனாபா ஆமாம் போட்டாள். மடியில் ஃபோன் கிடந்தது. அவள் அதைக் குப்புற வைத்தாள், மறுபடியும் நிமிர்த்தி வைத்தாள்.

நாலைந்து நாள் அப்படிப் போயிற்று. ஒரு நாள் பலகை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அதிர்ந்தது. யாசர். ஜனாபா காலை எடுத்துவிட்டாள். "ஏட்டி, பாதியில எங்க?" என்றாள் ஆவுடைத்தாய். ஜனாபா செருப்பை மாட்டாமலே மாடிப்படிக்கு வந்து, ஆளில்லாத ஒரு படியில் உட்கார்ந்தாள். கீழே டயருக்குக் காற்றுப் பிடிக்கும் சத்தம்.

"ம்மா."

"சொல்லு வாப்பா."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நீ?"

"ம்."

வழக்கமாக அடுத்து வரவேண்டியது, நல்லா இருக்கீங்கல்லா என்பது. அவன் அதைக் கேட்கவில்லை. அவளும் நல்லா இருக்கேன் என்று சொல்லவில்லை. அதை எடுத்துவிட்டால் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. காற்றுப் பிடிக்கும் சத்தம் நின்றது.

"இந்நேரம் வேலையில்லா இருப்பெ?" என்றாள் ஜனாபா.

"இன்னைக்குப் போகலம்மா."

"ஏன்? மேலுக்கு முடியலியா?"

"அதெல்லாம் இல்ல, நல்லா..." என்று ஆரம்பித்தான். நின்றான். "ரூம்ல ஏசி ஓடலம்மா. ரொம்ப நாளாச்சு. ஓனர்கிட்டச் சொன்னா இன்னைக்கி வாரேன், நாளைக்கு வாரேங்கான். யாருமே தூங்கல. எனக்கு இன்னைக்கு எந்திரிக்கவே முடியல."

அவனுடைய அறை எப்படி இருக்கும் என்று ஜனாபாவுக்குத் தெரியாது. ஒரு விட்டமும் ஒயரும்தான் பார்த்திருக்கிறாள்.

"ஈரத்துண்டை விரிச்சுப் படு வாப்பா" என்றாள்.

"அதான் செய்யுதோம்."

"அது காஞ்சிருமே."

"ஆமா. கொஞ்ச நேரத்துல காஞ்சிரும். பெறகு எந்திரிச்சு மறுபடி நனைக்கணும்."

"ஜனாபா, மெசின் முடியப்போகுது!" என்று மேலிருந்து ஆவுடைத்தாய் கத்தினாள். "வந்து காலை வையி!"

ஜனாபா திரும்பிப் பார்க்கவில்லை. ஃபோனைக் காதோடு இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"வேற?" என்றாள்.

"வேற..." என்று யாசர் யோசித்தான். பிறகு சொல்ல ஆரம்பித்தான்.